வாசலோடு நின்றுவிடும் கதைகள்

ப. சிங்காரத்தின் 'கடலுக்கு அப்பால்' புதினத்தை முன்வைத்துச் சில எண்ணங்கள்

போருக்குச் சென்றவன் திரும்பி வருகிறான் என்பது தமிழ் இலக்கியத்திற்குப் புதிய செய்தி அன்று. சங்க அகப்பாடல்களில் முல்லைத்திணையின் பெரும்பகுதி அவ்வரவை நோக்கியே காத்திருக்கிறது. கார்காலம் தொடங்குகிறது, வினைமுடித்த தலைவன் தேரை விரைந்து செலுத்துமாறு பாகனை வேண்டுகிறான், தலைவி ஆற்றியிருக்கிறாள். பத்துப்பாட்டுள் மிகச் சிறியதாகிய முல்லைப்பாட்டை நாம் பள்ளியிலேயே படித்திருக்கலாம். 103 அடிகள் கொண்ட அப்பாட்டில் நப்பூதனார் பாசறை மன்னனின் ஓர் இரவைக் காட்டுகிறார். மன்னனுக்கு உறக்கம் வரவில்லை. புண்பட்ட யானைகளும், அம்பு தைத்து உணவு கொள்ளாத குதிரைகளும், தனக்காக மாண்ட வீரர்களும் அவன் நினைவில் வந்து வந்து போகின்றனர். பாட்டின் இறுதியில், மீண்டு வரும் தேர்க்குதிரைகளின் ஆரவாரம் தலைவியின் செவியை நிறைக்கிறது. அத்துடன் பாட்டும் முடிந்துவிடுகிறது.

அவன் வாசலைக் கடந்து வீட்டினுள் வந்த பிறகு என்ன ஆயிற்று? அந்த உறக்கமின்மை பாசறையிலேயே தங்கிவிட்டதா, அவனோடு வீட்டிற்கும் வந்ததா? இதனை நம் இலக்கியம் மிக அரிதாகவே கேட்டிருக்கிறது. மாண்டவனுக்கு நடுகல் உண்டு. வென்றவனுக்குப் பரணி உண்டு. உயிரோடு ஊர் திரும்பி, மறுநாள் காலையில் என்ன செய்வதென்று தெரியாமல் திண்ணையில் அமர்ந்திருக்கும் எளிய வீரனுக்கு நாம் பாடிவைத்தது மிகக் குறைவு.

இக்குறையை ஓரளவு நிறைக்கும் நூலாக 'கடலுக்கு அப்பால்' எனக்குப் படுகிறது. சிங்கம்புணரியில் 1920இல் பிறந்த சிங்காரம் இளமையில் இந்தோனேசியாவின் மேடான் நகரில் கடை ஊழியராகப் பணியாற்றியவர். உலகப் போரை அங்கேயே கண்டவர். 1946இல் தாயகம் திரும்பி, மதுரையில் 'தினத்தந்தி' நாளிதழில் நாற்பதாண்டுகள் பணிபுரிந்தார். 1997இல் மறைந்தார். அவர் எழுதி வெளியான புதினங்கள் இரண்டே. கலைமகள் நாவல் போட்டியில் பரிசு பெற்று 1959இல் வெளிவந்த இது முதலாவது. 1972இல் வெளிவந்த 'புயலிலே ஒரு தோணி' மற்றது. திறனாய்வாளர் பலரும் இரண்டாவதையே போற்றுவர். கலைச்சிறப்பில் அதுவே உயர்ந்தது என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆயினும், திரும்பி வந்தவனின் துயரத்தை நேர்நின்று நோக்குவது முதல் நூலே.

கதை எளியது. பினாங்கில் வட்டித்தொழில் செய்யும் வயிரமுத்துப் பிள்ளையின் கடையில் வளர்ந்தவன் செல்லையா. முதலாளியின் மகள் மரகதத்திற்கும் அவனுக்கும் உள்ளம் ஒத்திருக்கிறது. இடையில் போர் வருகிறது. செல்லையா இந்திய தேசிய இராணுவத்தில் சேர்கிறான். 1945இல் போர் முடிகிறது. படை கலைந்து, அவன் பழைய கடைக்கே திரும்புகிறான். ஆனால் முதலாளியின் கண்ணுக்கு அவன் பழைய செல்லையா அல்லன். துப்பாக்கி பிடித்த கை பேரேட்டுக்கு ஆகாது என்று அவர் கருதுகிறார். பணிவும் பொறுமையும் அச்சமும் வேண்டிய தொழிலுக்கு, அஞ்சாமை பழகியவன் எப்படிப் பொருந்துவான்? எனவே மகளை வேறொருவனுக்கு மணமுடிக்க முடிவு செய்கிறார்.

ஆசிரியர் இங்கே ஓர் எளிய வழியில் சென்றிருக்கலாம். முதலாளியைக் கொடியவராகத் தீட்டி, நம் சினத்தை அவர்மேல் திருப்பிவிட்டிருக்கலாம். அவர் அதைச் செய்யவில்லை. வயிரமுத்துப் பிள்ளை தம் வாழ்வின் அனுபவம் கற்பித்த அளவுகோலால் அளக்கிறார். அவரிடம் வேறு கோல் இல்லை. குற்றவாளி யாருமின்றியே ஒருவன் வாழ்வு தள்ளுண்டு போகிறது என்பதே இந்நூலின் ஆழ்ந்த உண்மை. போர்வீரன் மீண்டும் குடிமகனாவது அவன் ஒருவனின் மனப்போராட்டம் மட்டும் அன்று. அவனைப் பெற்றுக்கொள்ளும் ஊரின் அளவுகோலும் அதில் அடங்கியிருக்கிறது. இதனைச் சிங்காரம் ஒரு கடையின் நான்கு சுவருக்குள் நிறுவிக் காட்டினார்.

நூலின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். போர்க்களப் பகுதிகளில் சாகசத்தின் நெடி தூக்கலாக இருக்கிறது. முல்லைப்பாட்டின் மன்னனுக்கு நேர்ந்த அந்த உறங்கா இரவு செல்லையாவுக்கு முழுமையாக வாய்க்கவில்லை. அவன் துயரம் பெரிதும் காதல் துயரமாகவே நின்றுவிடுகிறது. மற்றொரு குறை இதனினும் பெரிது. இறுதியில் நண்பன் மாணிக்கத்தின் அறிவுரை அவனைத் தேற்றுகிறது. மனத்தை அடக்கி ஆளும் அவ்வுரையின் உயர்வை நான் மறுக்கவில்லை. ஆனால் சுமை முழுவதும் திரும்பி வந்தவனின் தலைமேலேயே ஏற்றப்படுகிறது. கடை மாறவில்லை, பேரேடு மாறவில்லை, அவன் மட்டும் தேறிக்கொள்ள வேண்டும்! 'புயலிலே ஒரு தோணி'யின் நாயகன் பாண்டியனோ ஊர் திரும்பவே இல்லை. தாயகம் புறப்படவிருக்கும் வேளையில் அயல்மண்ணில் மடிகிறான். தாமே ஊர் திரும்பி ஐம்பதாண்டு வாழ்ந்த ஆசிரியர், ஊர் திரும்பி வாழ்ந்த வீரன் ஒருவனின் கதையை எழுதாமலே சென்றார். இங்கும் கதை வாசலோடு நின்றுவிட்டது.

வாழ்க்கையில் இக்கதை நிற்கவில்லை. செல்லையாவின் தோழர்களாகிய இந்திய தேசிய இராணுவத்தினர் விடுதலைக்குப் பின்னும் இந்தியப் படையில் மீளச் சேர்த்துக்கொள்ளப்படவில்லை. விடுதலைப் போராட்ட வீரர்க்கான மைய அரசின் ஓய்வூதியத் திட்டம் 1972இல்தான் வந்தது. பின்னர் 1987இல் இலங்கைக்கு அனுப்பப்பட்ட இந்திய அமைதி காக்கும் படை, ஆயிரத்திற்கு மேற்பட்டோரை இழந்து, 1990 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கியது. அன்றைய தமிழக முதலமைச்சர் அதனை வரவேற்கச் செல்லவில்லை. ஈழத்தமிழர் பட்ட துயரை எண்ணி அவ்வாறு செய்தார் என்பதை நாம் அறிவோம், அத்துயரும் உண்மையே. அப்படையை அனுப்பிய முடிவு எளிய சிப்பாயுடையது அன்று என்பதும் அதே அளவுக்கு உண்மை. அப்படையில் இருந்த தமிழ் வீரன் தன் ஊர்ப் பேருந்திலிருந்து இறங்கியபோது தன்னைப் பற்றி என்ன சொல்லிக்கொண்டிருப்பான்? இதனை எழுதிய தமிழ்ப் புதினம் ஒன்றும் என் கைக்கு இன்னும் கிட்டவில்லை.

இனி நம் ஊருக்கு வருவோம். மழை பொய்க்கும் கரிசல் மண்ணில் இளைஞர்க்குத் திறந்திருக்கும் வழிகள் சில: பட்டாசு, தீப்பெட்டி, அச்சகம், பஞ்சாலை, அவற்றோடு பட்டாளம். சிப்பாயாகச் சேர்ந்தவர் 15 ஆண்டு பணி முடித்தால் ஓய்வூதியத் தகுதி பெறுவார். முப்பத்தைந்து, நாற்பது வயதில், பிள்ளைகள் பள்ளியில் படிக்கும் காலத்திலேயே அவர் ஊர் திரும்பிவிடுகிறார். 2022இல் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தின்படி சேர்வோர்க்குப் பணிக்காலம் நான்கே ஆண்டுகள். அவர்களுள் நான்கில் ஒரு பங்கினர்வரையே படையில் தொடர்வர். ஏனையோர் ஓய்வூதியமின்றி, ஒருமுறை தரப்படும் தொகையோடு, இருபதுகளின் முற்பாதியிலேயே வீடு திரும்புவர். மாவட்டத்தில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது; மாநில அரசின் டெக்ஸ்கோ நிறுவனம் 1986 முதல் வேலை தேடித் தருகிறது; 2003 முதல் மருத்துவத் திட்டமும் உண்டு. இவை வேண்டியவையே. ஆயினும் திரும்பியவர்க்கு ஊர் பெரும்பாலும் எதனை நீட்டுகிறது? வங்கி வாயிலில் ஒரு நாற்காலி. தொழிற்சாலை வாயிலில் ஒரு வருகைப் பதிவேடு. வயிரமுத்துப் பிள்ளையின் பேரேடு இன்னும் மூடப்படவில்லை. வீரனை நாம் வாயிலில் நிறுத்துகிறோம், உள்ளே அழைப்பதில்லை.

எனக்குத் தெரிந்த ஒருவர் உண்டு. வடக்கு எல்லையில் பல்லாண்டு பணியாற்றித் திரும்பியவர்; நம் மறைமக்களுள் ஒருவர். அவருடைய பங்கின் திருவிழாவில் தேர்பவனி புறப்படும் வேளையில் அதிர்வேட்டு போடுவது வழக்கம். ஓராண்டு அந்த முதல் வேட்டு வெடித்தபோது அவர் தேர்வடத்தை விட்டுவிட்டுச் சுவரோரம் போய்க் குனிந்துவிட்டார். இளைஞர் சிலர் சிரித்தனர். "என்ன மாமா, பட்டாளத்துக்காரர் இப்படிப் பயப்படலாமா?" என்று ஒருவன் கேட்டான். மறுமொழி இல்லை. அடுத்த ஆண்டுமுதல் தேர்பவனியில் அவரைக் காணவில்லை. சிரித்தவர்களுள் யாரும் தீயவர் அல்லர். சிரித்தவர்களைத் தடுக்காமல் நின்றவர்களுள் நானும் ஒருவன்.

முதல் உலகப் போர்க்காலத்தில் இதனை 'ஷெல் அதிர்ச்சி' என்றனர். கோழைத்தனம் என்று தண்டித்ததும் உண்டு. 1980இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய உளநோய் என்று இதற்குத் தனிப்பெயர் தந்து, நோய்களின் வகைப்பாட்டில் சேர்த்தது. அச்சத்திற்குரிய காலம் முடிந்த பின்னும் உடல் அக்காலத்திலேயே வாழ்வது இதன் இயல்பு. ஓசையைக் கேட்டதும் அறிவு எண்ணத் தொடங்குமுன் உடல் குனிந்துவிடுகிறது. வீரத்திற்கும் இதற்கும் பகை இல்லை. மருத்துவம் உண்டு, பேச்சுவழி உளச்சிகிச்சையால் பலர் தேறியிருக்கின்றனர்.

இதனைப் புரிந்துகொள்ள உலகில் எந்த ஊருக்கேனும் தகுதி உண்டென்றால் அது சிவகாசி வட்டாரத்திற்குத்தான். நாட்டின் பட்டாசில் பெரும்பகுதியைச் செய்யும் மக்கள் நாம். சோதனைக்கு வெடிக்கும் வெடி நமக்கு ஒரு பொருட்டன்று. ஆனால் நேரமல்லாத நேரத்தில், இனம் தெரியாத திசையிலிருந்து ஓர் ஓசை எழுந்தால், கையிலிருப்பதைப் போட்டுவிட்டு வெளியே ஓடி, எப்பக்கம் புகை எழுகிறது என்று பார்க்காத தாய் இங்கே உண்டா? 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். உதவிக்கு ஓடியவர்களும் அவர்களுள் அடங்குவர். 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்நாள்களை நினைவில் கொண்டவரின் செவியும், எல்லையிலிருந்து திரும்பியவரின் செவியும் ஒரே செவிதான். இருந்தும் ஒருவரை ஒருவர் அறியாமல் ஒரே தெருவில் வாழ்கின்றனர். அவர்களை ஒரே திண்ணையில் அமர்த்திப் பேசவைக்கும் கதையைத்தான் நம் எழுத்தாளர்கள் இன்னும் எழுதவில்லை.

கணக்கு என்பது இரக்கமற்றதாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. மகமைப் பணத்தாலும் பிடியரிசியாலும் பள்ளி நடத்திய ஊர் விருதுநகர். வணிகரின் பேரேட்டிலேயே பிறர்க்கென ஒரு பக்கம் அங்கே எழுதப்பட்டது. சிங்காரமும் தம் வாழ்நாள் சேமிப்பை ஏழை மாணவர் கல்விக்கென்றே விட்டுச் சென்றார். எனவே நம்மிடம் இல்லாத ஒன்றை யாரும் கேட்கவில்லை. அதே பேரேட்டில் திரும்பி வந்தவர்க்கும் ஒரு பக்கம் ஒதுக்கத்தான் வேண்டும்.

காணாமற்போன மகன் உவமையை நாம் நன்கறிவோம். படைவீரர் ஊதாரிகள் அல்லர். அவ்வொப்புமை இங்குப் பொருந்தாது. நான் நினைப்பது மூத்த மகனை. வயலிலிருந்து வருகிறான், ஆடல்பாடல் ஒலி கேட்கிறது, உள்ளே வர மறுக்கிறான். தான் உழைத்த ஆண்டுகளையும் தனக்குக் கிடைக்காத ஆட்டுக்குட்டியையும் கணக்குச் சொல்கிறான். தந்தை வெளியே வந்து அவனை வேண்டுகிறார். அவன் உள்ளே சென்றானா என்பதை லூக்கா எழுதவில்லை. அவ்வுவமையும் வாசலில்தான் முடிகிறது. ஆனால் அங்கே தயங்கி நிற்பவன் திரும்பி வந்தவன் அல்லன், வீட்டிலேயே இருந்தவன். வயிரமுத்துப் பிள்ளை நின்ற இடம் அதுவே. திருவிழா அன்று நான் நின்ற இடமும் அதுவே.

கடந்த ஆண்டுத் திருவிழாவிற்கு முன்னாள் மாலை அவர் வீட்டிற்குச் சென்றேன். வேட்டு எந்த மணிக்கு, எந்தப் பக்கத்தில், எத்தனை என்று விழாக் குழுவினரிடம் கேட்டு எழுதி எடுத்துப் போயிருந்தேன். அவர் அத்தாளை இருமுறை படித்தார். பிறகு, "தெரிஞ்சா தாங்கிக்கலாம் தம்பி, தெரியாம வர்றதுதான்..." என்று சொல்லி நிறுத்தினார். அன்றிரவு எட்டு மணிவரை நாங்கள் அவர் வீட்டுத் திண்ணையில் பேசிக்கொண்டிருந்தோம். மறுநாள் தேர்வடத்தில் என் முன்னே அவர் கை இருந்தது.