டாஸ்மான் கடலைத் தாண்டாத வீரர்கள்

2025 ஜூனில் சூப்பர் ரக்பி பசிபிக் போட்டியின் நாக் அவுட் சுற்றில் நடந்தது இது. லீக் சுற்றில் முதலிடம் பிடித்த நியூசிலாந்தின் சீஃப்ஸ், தன் சொந்த மைதானமான ஹாமில்டனில் ஆறாவது இடத்து புளூஸிடம் 20-19 என்று தோற்றது. அதே வார இறுதியில் கான்பராவில் ஆஸ்திரேலியாவின் பிரம்பீஸ் 35-28 என்று ஹரிக்கேன்ஸை வென்றது. அடுத்த வாரம் அரையிறுதி. தோற்ற சீஃப்ஸ் ஊரை விட்டு நகரவில்லை; வென்ற பிரம்பீஸ்தான் கடல் கடந்து ஹாமில்டனுக்குப் போய் 37-17 என்று தோற்றது. ஆறு அணிகளில் மூன்று வென்ற பிறகு, அரையிறுதியின் நான்காவது இடம் தோற்றவர்களில் தரவரிசையில் மேலே இருப்பவருக்கு என்பது விதி. சீஃப்ஸ் அந்த விதியின் கையைப் பிடித்து இறுதி ஆட்டம் வரை போனது.

இந்த விதி தவறு. ஆனால் இதைத் திருத்த ஒரு கூட்டம் போதும். முந்தைய முறையும் ஒழுங்காக இருக்கவில்லை. 12 அணிகளில் 8 அணிகளுக்கு அடுத்த சுற்று என்றிருந்த 2022இல், 14 ஆட்டங்களில் நான்கை மட்டும் வென்ற ஹைலாண்டர்ஸ் காலிறுதிக்குப் போனது. அட்டவணைக் குறைகளை நான் பெரிதாக எண்ணவில்லை. நியூசிலாந்தும் ஆஸ்திரேலியாவும் ஒரே போட்டியில் ஆடுவதற்கு அர்த்தம் இருக்கிறதா என்பதே எடைபோட வேண்டிய கேள்வி.

கணக்கு கடுமையாக இருக்கிறது. 2016 முதல் 2018 மே வரை நியூசிலாந்து அணிகள் ஆஸ்திரேலிய அணிகளைத் தொடர்ந்து 40 முறை வென்றன. கொரோனா காலத்தில், 2021இல், இரு நாட்டு அணிகள் மட்டும் மோதிய 25 லீக் ஆட்டங்களில் 23 நியூசிலாந்துக்கு. 2014இல் சிட்னியில் வாராட்டாஸ் 33-32 என்று நியூசிலாந்தின் குரூசேடர்ஸை வீழ்த்திக் கோப்பை வாங்கியது. அதற்குப் பிறகு 2025 வரை ஓர் ஆஸ்திரேலிய அணிகூட இறுதி ஆட்டத்தை எட்டவில்லை. பிரம்பீஸ் 2022 முதல் நான்கு ஆண்டுகள் தொடர்ந்து அரையிறுதிக்கு வந்தது. நான்கையும் ஆக்லாந்திலும் ஹாமில்டனிலும் இழந்தது. அதில் முதலாவது 20-19. ஒற்றைப் புள்ளி.

ஆஸ்திரேலியாவில் அணிகள் அதிகம், குறைத்தால் தரம் கூடும் என்பது வழக்கமான மருந்து. அதைக் கொடுத்தும் பார்த்துவிட்டார்கள். 2017 முடிவில் பெர்த்தின் வெஸ்டர்ன் ஃபோர்ஸ் நீக்கப்பட்டது, பிறகு திரும்பி வந்தது. 2024உடன் மெல்போர்ன் ரெபல்ஸ் கடனில் மூழ்கிக் காணாமல் போனது. அடுத்த ஆண்டு பிரம்பீஸ் மூன்றாவது, ரெட்ஸ் ஐந்தாவது என்று நிலை கொஞ்சம் தேறியது உண்மை. ஆனால் கோப்பை நியூசிலாந்தை விட்டு அசையவில்லை. அணிகளின் எண்ணிக்கை நோயின் வேர் அல்ல. நியூசிலாந்தில் நல்ல உடல்வாகுள்ள பையனின் முதல் கனவு ரக்பி யூனியன். ஆஸ்திரேலியாவில் அதே பையனை ரக்பி லீகும் ஆஸ்திரேலிய ரூல்ஸ் கால்பந்தும் முந்திக்கொண்டு தூக்கிவிடும். இந்த வேறுபாட்டை எந்த அட்டவணையும் மாற்றாது. மாற்றக்கூடியது வீரர்களின் இடப்பெயர்ச்சி ஒன்றுதான். அதைத்தான் இந்தப் போட்டி தடுத்து வைத்திருக்கிறது. நியூசிலாந்து தேசிய அணியான ஆல் பிளாக்ஸின் சட்டை வேண்டுமென்றால், அந்நாட்டின் ரக்பி அமைப்பான நியூசிலாந்து ரக்பியின் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். கிறைஸ்ட்சர்ச்சில் மாற்று ஆட்டக்காரர் வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஃப்ளை-ஹாஃபுக்கு பெர்த்தில் முழு ஆட்டம் காத்திருந்தாலும் அவன் போகமாட்டான். போனால் தேசிய அணிக் கதவு சாத்தப்படும்.

கதவு ஒருமுறை திறந்தபோது நடந்ததைப் பார்த்தோம். சமோவா, டோங்கா மக்களுக்காக 2022இல் சேர்க்கப்பட்ட மொவானா பசிஃபிகா, முதல் இரண்டு ஆண்டுகள் பட்டியலின் கடைசியிலும் மூன்றாம் ஆண்டு அதற்கு ஓர் இடம் மேலேயும் கிடந்தது. நியூசிலாந்து ரக்பியின் குடைக்குள் இருந்ததால், ஆல் பிளாக்ஸ் வீரர் ஆர்டி சவேயா தேசிய அணித் தகுதியை இழக்காமலே 2025இல் அங்கே ஆட முடிந்தது. அந்த ஆண்டு அணி கிறைஸ்ட்சர்ச்சுக்கே போய் குரூசேடர்ஸை வென்றது. ஓர் இடத்தில் அடுத்த சுற்றைத் தவறவிட்டு ஏழாவதாக முடித்தது. போட்டியின் சிறந்த வீரராகவும் சவேயாவே தேர்வானார். ஒரு மனிதர் ஓர் அணியை இவ்வளவு உயர்த்துவார் என்றால், அந்த வழியை மற்றவர்களுக்கும் ஏன் திறக்கக் கூடாது? மொவானா பசிஃபிகாவுக்கு வேறொரு குறையும் உண்டு. அதன் வீடு ஆக்லாந்து. சமோவாவின் அப்பியாவிலும் டோங்காவின் நுகுஅலோஃபாவிலும் இருப்பவர்களுக்கு அது பெரும்பாலும் தொலைக்காட்சி அணி.

வீடு எங்கே என்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதே போட்டியில் ஆடும் ஃபிஜியின் அணியான ஃபிஜியன் ட்ருவா சாட்சி. கொரோனாவால் முதல் ஆண்டின் பெரும்பகுதியை நியூ சவுத் வேல்ஸில் கழித்த அணி அது. 2023 மார்ச்சில் லௌதோகாவின் சர்ச்சில் பூங்காவில் குரூசேடர்ஸைச் சந்தித்தது. நேரம் முடிந்து சைரன் ஒலித்துவிட்டது. இரண்டு புள்ளிகள் பின்தங்கியிருந்த ட்ருவாவுக்கு ஒரு பெனால்ட்டி. கெமு வலெதினி உதைத்தார், பந்து கம்பங்களுக்கு இடையே போனது, 25-24. அந்த ஆண்டின் சாம்பியனைத்தான் தோற்கடித்திருந்தார்கள். அதே செப்டம்பரில் உலகக் கோப்பையில், ட்ருவாவில் வளர்ந்தவர்கள் கணிசமாக இருந்த ஃபிஜி அணி, செயிண்ட் எத்தியெனில் ஆஸ்திரேலியாவை 22-15 என்று வென்றது. 1954க்குப் பிறகு முதல் முறை. ட்ருவாவுக்கு உதவிய பணத்தில் ஆஸ்திரேலிய அரசின் பங்கும் உண்டு. அந்தப் பணம் வீண் போகவில்லை என்றே சொல்வேன். முன்பெல்லாம் பிரான்ஸுக்கோ நியூசிலாந்துக்கோ போனால்தான் பிழைப்பு என்றிருந்த ஃபிஜி இளைஞனுக்குச் சொந்த ஊரில் சம்பளம், சொந்த ஊரில் கூட்டம். இந்தப் போட்டி தொடர வேண்டும் என்பதற்கு எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

ஆகவே கலைத்துவிடலாம், ஆளுக்கொரு உள்நாட்டுப் போட்டி நடத்தலாம் என்ற வாதத்தை ஏற்க முடியவில்லை. இப்படியே விட்டுவிடலாம் என்பதையும் ஏற்க முடியவில்லை. தகுதிச் சட்டத்தைத் தளர்த்தினால் வீரர்களின் உடல்நிலையும் பயிற்சியும் கையை விட்டுப் போகும் என்பது நியூசிலாந்துத் தரப்பின் கவலை. அது நியாயமானதே, அதற்கு வரம்பு வைக்கலாம். இந்தப் போட்டிக்குள் இருக்கும் எந்த அணியில் ஆடினாலும் ஆல் பிளாக்ஸ் தகுதி உண்டு, ஆனால் ஓர் அணிக்கு மூன்று பேர்தான், ஒப்பந்தம் இரண்டு ஆண்டுதான் என்று தொடங்கலாம். வீரர்கள் சிட்னியின் பணத்துக்கு ஓடிவிடுவார்கள் என்ற அச்சம் தேவையற்றது. ஓர் அணியையே காப்பாற்ற முடியாமல் போன நாடு அது. சவேயாவுக்குக் கிடைத்த வழியை எழுத்தில் பொது விதியாக்க வெலிங்டனில் இருக்கும் நியூசிலாந்து ரக்பி யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அடுத்த ஒப்பந்தக் காலத்திலேயே செய்யலாம்.