ஃபிளின்ட் படத்தை எப்படிப் பார்ப்பது?

1964இல் ‘கோல்ட்ஃபிங்கர்’, 1965இல் ‘தண்டர்பால்’ என்று ஜேம்ஸ் பாண்ட் வசூலை அள்ளியதும், ஹாலிவுட்டில் ஆளாளுக்கு ஓர் உளவாளியைக் களமிறக்கினார்கள். அந்தக் கூட்டத்தில் இன்றும் அலுக்காத படம், டேனியல் மான் இயக்கி 1966இல் வந்த ‘அவர் மேன் ஃபிளின்ட்’. பாண்டைக் கிண்டலடிக்கும் படம்தான். ஆனால் நடிப்பவர்கள் யாருக்குமே அது தெரியாது என்பதுபோல் நடிப்பார்கள். இதைப் பிடித்துக்கொண்டால் படம் வசப்பட்டுவிடும்.

கதையைப் பெரிதாக யோசிக்க வேண்டாம்: வானிலையைக் கைக்குள் வைத்திருக்கும் விஞ்ஞானிகள் உலகத்தை மிரட்டுகிறார்கள், ஃபிளின்ட் தடுக்கிறார். முதலில் உளவு அமைப்பின் மேலதிகாரி கிராம்டனைக் கவனியுங்கள். நடித்திருப்பவர் லீ ஜே. காப். 1949இல் பிராட்வே மேடையில் ‘டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்’ நாடகத்தின் முதல் வில்லி லோமனாக நின்றவர். ‘12 ஆங்ரி மென்’னில் கடைசிவரை விட்டுக்கொடுக்காத ஜூரர். அந்தக் கனத்தை இங்கேயும் துளி குறைக்கவில்லை. ஃபிளின்ட் வேண்டவே வேண்டாம் என்கிறார் அவர். ஏற்ற ஆளைத் தேடும் கம்ப்யூட்டர்களோ ஃபிளின்ட் பெயரைத்தான் தருகின்றன. வேறு வழியின்றி அழைத்து, துப்பாக்கியும் ரகசியப் பெட்டியும் நீட்டினால், ஃபிளின்ட் அவற்றைத் தள்ளிவிட்டுத் தன் லைட்டரைக் காட்டுகிறார். அதில் 82 வேலை நடக்குமாம், சுருட்டுப் பற்றவைத்தால் 83. ஃபிளின்டாக வரும் ஜேம்ஸ் கோபர்ன் இதைச் சொல்லும்போது காப்பின் முகத்தைப் பாருங்கள்.

எனக்கு மிகப் பிடித்தது சூப் துப்பு. எதிரிகள் எய்த விஷ ஊசியில் ஒட்டியிருந்த பூண்டு, குங்குமப்பூ, சோம்பு வாடையை வைத்து, அது மார்சேய் நகரத்து மீன் சூப் என்று முடிவுகட்டி, அங்கே போய் ருசி பார்க்கிறார் ஃபிளின்ட். ஷெர்லாக் ஹோம்ஸ் பாணித் துப்பறிதலை அபத்தத்தின் விளிம்புவரை கொண்டுபோகும் இடம் இது. கோபர்னோ தேர்ந்த சமையல்காரரின் கவனத்தோடு ருசிக்கிறார். சிரிப்பு அந்தக் கவனத்தில்தான் இருக்கிறது.

ஜெர்ரி கோல்ட்ஸ்மித்தின் இசையும் அப்படித்தான். ஒரே மெட்டை விதவிதமாக உடுத்திவிடுகிறார், எங்கும் கோமாளித்தனம் இல்லை. ஜனாதிபதியின் நேரடி டெலிபோன் ஒலியைக் கேட்டதும் எங்கோ கேட்டதாகத் தோன்றும். 1997இல் ‘ஆஸ்டின் பவர்ஸ்’ அதையே எடுத்துக்கொண்டது.

பெண்களை அலங்காரப் பொருளாக நடத்தும் காட்சிகளில் மட்டும் ரசிக்க ஒன்றுமில்லை. அன்றைய உளவுப் படங்கள் பலவற்றுக்கும் இருந்த குறை, இதிலும் இருக்கிறது.

1967இல் வந்த இரண்டாம் பாகம் ‘இன் லைக் ஃபிளின்ட்’ இந்த அளவுக்குக் கச்சிதமில்லை. ஆனால் அதில் காப் பெண்வேடம் கட்டுகிறார், அதையும் அதே கனத்தோடு. அதற்காகவே பார்க்கலாம்.