கிட்டாரை வெளியே உட்காரவைத்த மூவர் அணி

1993 இலையுதிர்காலத்தில் அமெரிக்க ராக் உலகம் கிட்டார் சத்தத்தில் அதிர்ந்துகொண்டிருந்தது. ஸ்மாஷிங் பம்ப்கின்ஸின் 'சயமீஸ் ட்ரீம்' ஜூலையில் வந்திருந்தது. செப்டம்பரில் நிர்வாணாவின் 'இன் யூட்டரோ', அக்டோபரில் பேர்ல் ஜாமின் 'வெர்சஸ்'. இந்த அமளிக்கு நடுவே, பாஸ்டனுக்கு ஆற்றின் அக்கரையில் இருக்கும் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த மூன்று பேர் தங்கள் இரண்டாவது ஆல்பத்தை இறக்கினார்கள். குழுவின் பெயர் மார்ஃபீன். ஆல்பம் 'க்யூர் ஃபார் பெயின்'. ராக் குழு என்றுதான் சொல்லிக்கொண்டார்கள். ஆனால் கிட்டாருக்கென்று அந்தக் குழுவில் ஆளே இல்லை.

அணியைப் பார்த்துவிடலாம். பாட்டும் பேஸ் கிட்டாரும் மார்க் சாண்ட்மேன். பேஸுக்கு வழக்கமாக நான்கு தந்தி. இவர் இரண்டோடு நிறுத்திக்கொண்டார். அதையும் விரலால் அழுத்தி வாசிக்காமல், ஸ்லைடு என்கிற குழாயைத் தந்திமேல் ஓடவிட்டு வாசித்தார். சுரங்கள் தனித்தனியாக விழாமல் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வழுக்கிக்கொண்டு போகும். பாரிடோன் சாக்ஸபோன் டேனா காலி. நம் ஊரில் சாக்ஸபோன் என்றால் கத்ரி கோபால்நாத்தின் ஆல்டோதான் காதில் ஒலிக்கும்; பாரிடோன் அதற்குச் சரியாக ஒரு ஸ்தாயி கீழே. டிரம்ஸ் பெரும்பாலும் ஜெரோம் டூப்ரீ. பின்னாளில் நிரந்தரமாக அந்த இடத்துக்கு வந்த பில்லி கான்வே இந்த ஆல்பத்திலேயே கொஞ்சம் வாசித்திருக்கிறார்.

சாண்ட்மேனின் குரலும் கீழ் ஸ்தாயிதான். ஆக குரல், பேஸ், சாக்ஸ் மூன்றும் மந்திர ஸ்தாயியிலேயே நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. ஒலிப்பதிவு தெரிந்தவர்கள் யாரும் இதற்குச் சம்மதிக்கத் தயங்குவார்கள். ஒரே அலைவரிசையில் மூன்று பேர் மோதினால் எல்லாம் சேறாகிவிடும் என்பதுதான் பாலபாடம்.

சேறாகவில்லை. ஏன் என்று பார்ப்பதில்தான் இந்த ஆல்பத்தின் சுவாரசியமே இருக்கிறது. 'பியூனா' என்கிற இரண்டாவது பாட்டை எடுத்துக்கொள்வோம். முதலில் பேஸ் மட்டும், ஒரு சின்னச் சுழற்சியைத் திரும்பத் திரும்பச் சொல்கிறது. டிரம்ஸ் சேர்கிறது. குரல் வருகிறது, கிட்டத்தட்டப் பேச்சுபோல, மைக்குக்கு வெகு அருகில். சாக்ஸ் அவசரப்படவே இல்லை. பாடுகிறவர் மூச்சுவிடும் இடத்தைப் பார்த்துத்தான் நுழைகிறது. நுழைந்ததும் பேஸின் சுழற்சியையே தானும் பிடித்து அதைத் தடிமனாக்குகிறது. ஒருவர் பேசும்போது மற்றவர் ஒதுங்குகிறார், அவ்வளவுதான். மேல் ஸ்தாயி முழுக்கக் காலியாக இருப்பதால் டூப்ரீயின் சிம்பலும் ஸ்நேரும் கண்ணாடித் துல்லியத்தில் கேட்கின்றன. கிட்டார் இருந்திருந்தால் இதெல்லாம் அதன் அடியில் புதைந்திருக்கும்.

பல இசை வகைகளைக் கலக்கும் ஆல்பங்கள் அந்தப் பத்தாண்டில் நிறைய வந்தன. பெரும்பாலும் கூட்டல் கணக்கு: ராக்கோடு கொஞ்சம் ராப், கொஞ்சம் ஃபங்க், மேலே ஒரு டிஜே. மார்ஃபீன் போட்டது கழித்தல் கணக்கு. கிட்டாரை எடுத்தார்கள், அந்த இடத்தில் ஜாஸும் ப்ளூஸும் தாமாகவே வந்து உட்கார்ந்துகொண்டன. சாண்ட்மேன் இதற்கு முன் இருந்த 'ட்ரீட் ஹெர் ரைட்' ஒரு ப்ளூஸ்-ராக் குழு. அந்த மண் வாசனை ஸ்லைடில் இருக்கிறது. மேடையில் டெனார், பாரிடோன் இரண்டையும் ஒரே நேரத்தில் வாயில் வைத்து ஊதும் காலியின் வித்தை, ஜாஸ் மேதை ரசான் ரோலண்ட் கிர்க் வழி வந்தது. ஆல்பத்தின் கடைசி உருப்படிக்குப் பெயரே 'மைல்ஸ் டேவிஸ் ஃப்யூனரல்'. மைல்ஸ் மறைந்து அப்போது இரண்டு ஆண்டுதான் ஆகியிருந்தது. தங்கள் இசைக்கு அவர்களே வைத்த பெயர் 'லோ ராக்'.

கவனிக்க வேண்டிய இன்னொரு பெயர் பால் கோல்டெரி. சாண்ட்மேனோடு சேர்ந்து இந்த ஆல்பத்தைத் தயாரித்தவர். அதே 1993-இல் வெளியான ரேடியோஹெட்டின் முதல் ஆல்பம் 'பாப்லோ ஹனி'யின் தயாரிப்பாளர்களில் ஒருவரும் இவரேதான். அதிலிருக்கும் 'க்ரீப்' பாட்டில் பல்லவிக்கு முன்னால் வெடிக்கும் அந்தக் கிட்டார் அடியை மறக்க முடியுமா? ஒரு பக்கம் அது, இன்னொரு பக்கம் இது. உலகம் எதைக் கொண்டாடியது என்று சொல்லத் தேவையில்லை.

ஆல்பத்தின் உச்சம் 'தர்ஸ்டே'. வாரம் ஒருமுறை வியாழக்கிழமைகளில் சந்தித்துக்கொள்ளும் ஒரு கள்ளக்காதல் ஜோடியின் கதை, குற்றச் சிறுகதையின் வேகத்தில் போகிறது. கணவனுக்கு விஷயம் தெரிந்துவிட, கதைசொல்லி ஊரைவிட்டே ஓட வேண்டியதாகிறது. சில நிமிடங்களில் ஒரு முழுப் படம். சாண்ட்மேன் எங்கும் குரலை உயர்த்துவதில்லை. பதற்றத்தை டிரம்ஸிடம் ஒப்படைத்துவிட்டு, தான் பாட்டுக்கு நடந்ததைச் சொல்லிக்கொண்டு போகிறார். அதற்கு முந்தைய பாட்டு 'இன் ஸ்பைட் ஆஃப் மீ' நேர் எதிர். சாக்ஸ் இல்லை, டிரம்ஸ் இல்லை. மாண்டலினும் முணுமுணுப்பான குரலும்தான் முன்னால். இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்தவருக்கு ஒரு சபாஷ்.

குறையே இல்லையா என்றால், இருக்கிறது. பதிமூன்று உருப்படிகளில் 'லெட்ஸ் டேக் அ ட்ரிப் டுகெதர்' வரும்போது வேகம் தொய்ந்துவிடுகிறது. ஒரே நிறத்தில் தீட்டியதுபோல எல்லாமே இருக்கிறது என்று அலுத்துக்கொள்பவர்களையும் குற்றம் சொல்ல முடியாது. குரலின் வீச்சு குறைவு. அதை மறைக்க சாண்ட்மேன் முயலவுமில்லை.

ஆனால் ஆல்பம் போதிய கவனம் பெறாமல் போனதற்கு இவை காரணமல்ல. வெளியிட்ட ரைகோடிஸ்க், பழைய ஆல்பங்களை சிடியில் மறுபதிப்பு செய்து பேர் வாங்கிய நிறுவனம். பெரிய நிறுவனங்களின் விளம்பர பலம் அதனிடம் எங்கே? சாக்ஸ் இருப்பதால் ராக் வானொலி தயங்கியிருக்கும், டிரம்ஸ் அடியைக் கேட்ட ஜாஸ் ரசிகர் முகம் சுளித்திருப்பார். திரைப்படக்காரர்கள்தான் காதைத் தீட்டிக்கொண்டார்கள்: இயக்குநர் டேவிட் ஓ. ரஸ்ஸல் 1994-இல் வந்த தன் முதல் முழுநீளப் படத்தில் மார்ஃபீன் பாட்டுகளைப் பயன்படுத்தினார்.

1999 ஜூலை 3-ஆம் தேதி, ரோமுக்கு அருகே பாலஸ்ட்ரீனாவில் மேடையில் வாசித்துக்கொண்டிருந்தபோதே மாரடைப்பில் சரிந்து இறந்தார் சாண்ட்மேன். வயது 46. அவர் மறைவோடு குழு கலைந்தது; முடித்துவைத்திருந்த 'தி நைட்' ஆல்பம் அடுத்த ஆண்டு வந்தது. கேம்பிரிட்ஜின் சென்ட்ரல் ஸ்கொயர் பகுதியில் ஒரு தெருமுனைக்கு இப்போது அவர் பெயர்.

புதிதாகக் கேட்க நினைப்பவர்கள் கைபேசி ஸ்பீக்கரில் மட்டும் கேட்க வேண்டாம். அந்தச் சின்ன ஸ்பீக்கருக்குக் கீழ் ஒலிகள் பெரும்பாலும் எட்டாது. பேஸில் பாதி காணாமல் போய்விடும், அந்தப் பாதியில்தான் சாண்ட்மேன் இருக்கிறார். நல்ல ஹெட்ஃபோன் போதும். 'தர்ஸ்டே'யில் தொடங்கி 'பியூனா'வுக்குப் போகலாம். பிடித்துவிட்டால் அடுத்து 1995-இல் வந்த 'யெஸ்'. 1997-இன் 'லைக் ஸ்விம்மிங்' கொஞ்சம் காத்திருக்கலாம்.