உண்ணியின் முன்னங்கால்

காளஹஸ்தியில் சிவனை வழிபட்ட சிலந்திக்குக் கோயில் புராணத்தில் இடமுண்டு. அதன் எட்டுக்கால் உறவினரான உண்ணியையோ, சுவர்ணமுகிக் கரையில் மேயும் மாட்டின் காதுமடலிலிருந்து பிடுங்கி எறிகிறோம். எறிய வேண்டியதுதான், நோய் பரப்பும் உயிர். ஆனாலும் அதன் முன்னங்காலை உருப்பெருக்கியில் ஒருமுறை பார்க்க வேண்டும். உணர்கொம்பே இல்லாத உண்ணி, அந்தக் கால்நுனியிலுள்ள நுண்குழியால்தான் முகர்கிறது. ஹாலர் உறுப்பு என்பார்கள். புல்நுனியில் கால்களை விரித்துக் காத்திருந்து, மாட்டின் மூச்சிலுள்ள கரியமில வாயுவை அறிந்துகொள்ளும்.

எனக்குப் பெருவியப்பு, மாட்டின் மேல் நடப்பது. ரத்தம் குடிக்கும் பெண் உண்ணி 2,6-டைகுளோரோபீனால் என்ற வேதிப்பொருளைக் கசியவிடுகிறது. எங்கோ ஒட்டியிருக்கும் ஆண், பிடியை விட்டு, ரோமக்காட்டினூடே அவளைத் தேடி நடக்கிறது. எத்தனை நுட்பமான முகர்வு! இதே பொருளை உண்ணிக்கொல்லியோடு கலந்து, ஆணைப் பொறிக்கு வரவழைத்தும் பார்த்திருக்கிறார்கள் ஆய்வாளர்கள்.