ஒலி ஒத்தால் உறவாகுமா?

தமிழில் பால், கன்னடத்தில் ஹாலு. பல் ஹல்லு ஆகிறது, புலி ஹுலி, பத்து ஹத்து. ஒரு சொல்லில் மட்டும் இப்படி நேர்ந்தால் தற்செயல் எனத் தள்ளிவிடலாம். சொல்லுக்குச் சொல் முதலெழுத்து இதே போக்கில் மாறினால் அந்த வாதம் எடுபடாது. ஒப்பியல் மொழிநூலார் தேடுவது இந்த ஒழுங்கைத்தான். வெறும் ஒலி ஒற்றுமையை அவர்கள் நம்புவதில்லை. ஆங்கில ‘பேட்’, பாரசீக ‘பத்’ இரண்டுக்கும் கெட்டது என்றே பொருள். பிறப்பால் ஒட்டுமில்லை உறவுமில்லை.

1816இல் எல்லிஸ் தெலுங்கு வடமொழியின் கிளை அல்ல என்று காட்டியதும், 1856இல் கால்டுவெல் ஒப்பிலக்கணம் வெளியிட்டதும் பலரும் அறிந்த கதை. இந்த முறையின் உண்மையான பலம், அதைச் சோதித்துப் பார்க்க முடியும் என்பது. ஹகரத்துக்கு முன் பகரம் இருந்திருக்க வேண்டும் என்று ஒப்பீடு சொல்கிறது. பழைய கன்னடக் கல்வெட்டுகளில் பகரமே இருக்கிறது. இன்றைய கன்னடத்தில் ‘புஸ்தக’ பகரத்தை விடாமல் நிற்பதும் விதியைக் குலைக்கவில்லை. வடமொழியிலிருந்து வந்த சொல் என்பதை அந்தப் பகரமே காட்டிக்கொடுக்கிறது.

ஜப்பானிய மொழியறிஞர் சுசுமு ஓனோ தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் நூற்றுக்கணக்கான சொல்லிணைகளைத் தந்தார். நம்மிடையே அதற்குக் கிடைத்த வரவேற்பு மொழியியலாளரிடம் கிடைக்கவில்லை. ஒலியையும் பொருளையும் வேண்டிய மட்டும் தளர்த்திக்கொண்டால் எந்த இரு மொழிக்கும் இணைகள் அகப்படும்.

ஆனால் இதே தளர்வு முறைக்குள்ளும் நுழைவதுண்டு. கன்னடத்தில் கிவி, நமக்குச் செவி. அங்கே கேரி, இங்கே சேரி. இகர, எகரங்களுக்கு முன் ககரம் தமிழில் சகரமாயிற்று என்பது விதி. அப்படியானால் கிளி ஏன் சிளி ஆகவில்லை? அடுத்து ளகரம் போன்ற நாவளை ஒலி வந்தால் மாற்றம் நிகழாது என்கிறார்கள். கெடு, கேள், கிழங்கு எல்லாம் இதற்கு அடங்குகின்றன; அழகான விளக்கம். கீரையும் கீறும் அடங்கவில்லை. இப்படி மிஞ்சும் சொற்களுக்குக் ‘கடன்’ என்றோ ‘ஒப்புமையாக்கம்’ என்றோ பெயர் சூட்டி ஒதுக்கிவிடும் வழக்கம்தான் எனக்கு உறுத்துகிறது. தனிச் சான்று இல்லாத இடத்தில் அந்தப் பெயர்கள் விளக்கமாகா.

காலம் கேட்கும்போது முறை இன்னும் தடுமாறுகிறது. ஒலிவிதி எது முந்தியது, எது பிந்தியது என்று சொல்லும், ஆண்டு சொல்லாது. 2018இல் 20 திராவிட மொழிகளின் சொற்பட்டியலைக் கணினியிலிட்டு, குடும்பத்தின் வயது சுமார் 4,500 ஆண்டு என்று கணித்தார்கள். எண் திட்டவட்டமாகத் தெரிகிறது. ஆனால் எந்தச் சொல்லும் எந்தச் சொல்லும் ஓரினம் என்று முன்னதாக முடிவு செய்து கொடுத்தவர்கள் மனிதர்களே.

பலூச்சிஸ்தானத்தில் பேசப்படும் திராவிட மொழியான பிராகூயி இந்தக் காலக் கேள்விக்கு நல்ல சோதனை. அதில் ஒன்று, இரண்டு, மூன்றுக்கு அசிட், இரட், முசிட். நான்கு முதல் எல்லாம் இரவல். அது பழைய திராவிடப் பரப்பின் மிச்சமா, பின்னாளில் அங்கே குடியேறியதா? அதன் திராவிடச் சொற்களை மட்டும் வைத்து இதைத் தீர்க்க முடியாது. அதிலுள்ள ஈரானியச் சொற்களில் பெரும்பாலானவை பலூச்சியிலிருந்து வந்தவை. மிகப் பழைய ஈரானியத்தின் தடம் இல்லை. ஆகவே பிந்திய குடியேற்றம் என்ற வாதமே எனக்கு வலுவாகப் படுகிறது. குடும்ப மரம் வரையும்போது முதலில் களைந்தெறியும் கடன்சொற்கள்தான் இங்கே சாட்சி சொல்கின்றன.