பொம்மையைப் பிரித்தால் இசை பிறக்குமா?

வில்லியனூர் தேர்த் திருவிழாக் கடைகளில் வாங்கும் பேட்டரி கீபோர்டு கொஞ்ச நாள் பாடிவிட்டுப் பரணுக்குப் போய்விடும். அந்த வகைப் பொம்மையைத் திறந்து, உள்ளிருக்கும் போர்டில் இரண்டு புள்ளிகளை ஒயரால் இணைத்து, அது பாடவே கூடாத ஒலிகளைப் பாடவைப்பதுதான் ‘சர்க்யூட் பெண்டிங்’. அமெரிக்கரான ரீட் கசாலா 1960களில் மேசை இழுப்பறையில் போட்டுவைத்த சிறு ஆம்ப்ளிஃபையர் ஒன்று, உலோகத்தில் பட்டு ஷார்ட்டாகி விநோதமாக ஒலித்தது. அங்கே தொடங்கிய வேலைக்கு 1992இல் அவரே இந்தப் பெயரை வைத்தார். 1978இல் வந்த ‘ஸ்பீக் அண்ட் ஸ்பெல்’ என்ற எழுத்துப் பயிற்சிப் பொம்மை இந்தக் கலைஞர்களின் செல்லப்பிள்ளை ஆனது.

இதன் பெரிய பலம், படிப்பறிவு கேட்காமல் காதை மட்டும் கேட்பது. சிப்பின் வேகத்தை நிர்ணயிக்கும் ரெசிஸ்டரைக் கழற்றி, அந்த இடத்தில் வால்யூம் கன்ட்ரோல் ஒன்றைச் சால்டர் செய்து பாருங்கள். திருகத் திருகச் சுருதி இறங்கும், தாளமும் கூடவே இழுபடும். சில பொம்மைகளில் ஈர விரலை இரு புள்ளிகள் மேல் வைத்தாலே ஒலி நெளியும், அழுத்தத்துக்கேற்ப மாறும். மின்சாரத்தையும் சுருதியையும் ஒரே தொடுதலில் புரியவைக்கும் பாடம் இது. செலவும் சொற்பம்.

குறைகள் சிறியவை அல்ல. கற்பனை ஸ்வரம் பாடும் வித்வானும் எதிர்பாராததைத் தருகிறார். ஆனால் அடுத்து எங்கே போவது என்பதை அவர்தான் தீர்மானிக்கிறார். இங்கே பெரும்பாலும் பழுதுதான் தீர்மானிக்கிறது. இன்று கிடைத்த ஒலி நாளை கிடைக்கும் என்று சொல்ல முடியாது. இன்றைய மலிவுப் பொம்மைகளில் எல்லா வேலையும் கருப்புப் பசைக்கு அடியில் இருக்கும் ஒரே சிப்புக்குள் அடங்கிவிடுவதால், தொட்டுப் பார்க்கப் புள்ளிகளும் குறைவு. தவறான இடத்தைத் தொட்டால் சிப் கருகும். 2022ஆம் ஆண்டின் மின்னணுக் கழிவு விதிகள் பொம்மைகளையும் பட்டியலில் சேர்த்திருக்கின்றன; கருகியதைக் குப்பைமேட்டில் வீசுவது சோதனை இசை ஆகாது.

புதுச்சேரியை ஒட்டிய ஆரோவில்லில் 2003 முதல் இயங்கும் ‘ஸ்வரம்’ இதற்கு நேர் எதிரான வழியைக் காட்டுகிறது. சுற்றுக் கிராம இளைஞர்கள் அங்கே புதிய இசைக்கருவிகளைச் செய்யப் பழகுகிறார்கள். குழாயை அளந்து அறுத்தால் அதே சுருதி மறுபடியும் வரும். விபத்தில் பிறந்த ஒலி கருவியாக வேண்டுமானால் இப்படி ஓர் அளவுக்குள் வந்தாக வேண்டும்.

ஆகவே பொம்மையைப் பிரிப்பது நல்ல முதல் வகுப்பு. அதுவே முழுக் கலை ஆகிவிடாது. வில்லியனூர், பாகூர் பள்ளி ஆசிரியர்கள் உடைந்த பொம்மைகளைக் கொண்டு இதைத் தொடங்கலாம். பேட்டரி மட்டும் போதும், அடாப்டரை நெருங்கவே வேண்டாம். எந்தப் புள்ளியை எதனோடு இணைத்தோம் என்பதை மாணவர் நோட்டில் வரையட்டும். அந்த ஒலியை இரண்டாம் முறையும் எழுப்பிக் காட்டுகிறவருக்கே மதிப்பெண் கொடுங்கள்.