கம்பத்துக்கு மார்க்

விமரிசனம் என்றால் சினிமாவுக்கும் நாவலுக்கும்தான் எழுதவேண்டும் என்று சட்டமில்லை. இந்த வாரம் ஒரு கம்பத்தை எடுத்துக்கொள்கிறேன். பூனை பிறாண்டுவதற்கென்று செல்லப்பிராணிக் கடைகளில் விற்கிறார்களே, அது. பூனை வளர்க்காதவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம். போகுமுன் உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் வளர்க்கிறாரா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டுக் கடுவன் ஹால் சோபாவின் இடது கையை ஒரே மழைக்காலத்தில் நார்நாராக்கிவிட்டது. உள்ளேயிருந்து மஞ்சள் ஃபோம் எட்டிப்பார்க்க ஆரம்பித்த பிறகு, 1,400 ரூபாய் கொடுத்து அந்தக் கம்பத்தை வாங்கிவந்தேன். ரோஸ் கலர் கார்ப்பெட் சுற்றி, உச்சியில் ஸ்பிரிங், ஸ்பிரிங் முனையில் ஒரு பஞ்சுப் பந்து. பார்க்க அம்சமாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து டேப் வைத்து அளந்தேன். உயரம் 42 சென்டிமீட்டர். பெட்டியை மறுபடி பார்த்தேன். படத்தில் அதைக் கட்டிக்கொண்டு நிற்பது ஒரு குட்டி! குட்டிக்கு அது எல்.ஐ.சி. கட்டடம். எங்கள் கடுவனுக்கு முக்காலி.

இருந்தாலும் பெரிய மனசு பண்ணி முன்னங்கால் இரண்டையும் வைத்து ஒரு இழு இழுத்தது. அடிப்பலகை லேசான பிளைவுட். கம்பம் அப்படியே அதன் தலைமேல் சாய்ந்தது. கட்டிலுக்கடியில் ஓடியதுதான், அதற்குப்பின் ரோஸ் கலர் பக்கமே திரும்பவில்லை. திரும்பிய இடம், சோபாவின் வலது கை.

பூனை ஏன் பிறாண்டுகிறது என்று தெரிந்த யாரும் அந்தக் கம்பத்தைச் செய்திருக்க மாட்டார்கள். நகத்தைக் கூர் தீட்டுகிறது என்று நம் பாட்டிகள் சொன்னது கிட்டத்தட்ட சரி. நகத்தின் மேல் உறை பழசாகும்போது கழற்றி எறிகிறது. சோபாவுக்கடியில் பெருக்கினால் பிறைபிறையாக அந்த உறைகள் கிடைக்கும், பாருங்கள். இரண்டாவது, தூங்கி எழுந்ததும் சோம்பல் முறிப்பது. முதுகையும் தோளையும் முழுசாக நீட்டி எதையாவது பிடித்து இழுக்கவேண்டும். பிடிக்கிற பொருள் ஆடினால் பிரயோஜனமில்லை. மூன்றாவதுதான் சுவாரஸ்யம். அதன் பாதத்தில் வாசனைச் சுரப்பிகள் இருக்கின்றன. கண்ணுக்குக் கீறல், மூக்குக்கு வாசனை, இரண்டையும் சேர்த்து 'இது என் ஏரியா' என்று எழுதிவைக்கிறது. காம்பவுண்டுச் சுவரில் தேர்தலுக்கு ஆறு மாதம் முன்பே கட்சிப் பேரும் வருஷமும் எழுதி ரிசர்வ் பண்ணுகிறார்களே, கொள்கை அதேதான். யாராவது அந்த விளம்பரத்தைக் கொல்லைப்புறச் சுவரில் எழுதுவார்களா? நாம் என்ன செய்கிறோம்? கம்பத்தை வாங்கி, ஹால் அழகு கெடாமல் பால்கனியில் வாஷிங் மெஷினுக்குப் பின்னால் வைக்கிறோம்.

ஆக, கம்பம் ஆடக்கூடாது. பூனை எழுந்து நின்று நீட்டினாலும் மிச்சம் இருக்கிற உயரம் வேண்டும். அது தூங்குகிற, நடமாடுகிற இடத்தில், முடிந்தால் சோபாவை ஒட்டியே நிற்கவேண்டும். 2016ல் ஒரு பூனை மருத்துவ இதழில் வந்த சர்வேயும் இதைத்தான் சொன்னது. நேராக நிற்கிற எளிமையான, மூன்றடிக்குக் குறையாத கம்பம், சுற்றுவதற்குக் கயிறு. கார்ப்பெட் சுற்றிய கம்பத்தில் இன்னொரு வில்லங்கம். கம்பத்துக் கார்ப்பெட் ஓகே, தரைக் கார்ப்பெட் நாட் ஓகே என்ற நுணுக்கமெல்லாம் பூனைக்குப் புரியாது. ஸ்பிரிங் பந்து? அது காசு கொடுப்பவருக்கு. நூற்றுக்குப் பதினொன்று போடுகிறேன், பெட்டியின் அச்சுத் தரத்துக்காக.

கூடவே வருகிற உபதேசங்களும் இதே லட்சணம்தான். பிறாண்டும்போது தண்ணீர் பீய்ச்சு என்கிறார்கள். பீய்ச்சினால், நீங்கள் இல்லாதபோது பிறாண்டவேண்டும் என்று கற்றுக்கொள்ளும். எலுமிச்சை வாசனை சாயங்காலத்துக்குள் போய்விடும். இருபக்கமும் ஒட்டுகிற டேப் கொஞ்சம் தேவலாம், பாதத்தில் பிசுபிசுப்பது பூனைக்குப் பிடிக்காது. ஆனால் கம்பம் சரியாக இல்லாமல் டேப் மட்டும் ஒட்டினால் அது அடுத்த நாற்காலிக்குப் போகும். சோபாத் துணி மாற்றுவதாக இருந்தால் இழை தெரிகிற சணல் நெசவைத் தவிர்த்து, நகம் மாட்டாத நெருக்கமான வெல்வெட் மாதிரி எடுங்கள். நகம் வெட்டலாம், நுனியில் கண்ணாடி மாதிரி இருக்கிற பாகத்தை மட்டும். ரோஸாகத் தெரிவதில் ரத்தமும் நரம்பும் ஓடுகிறது. பூனைக்கு யார் மணி கட்டுவது என்று கேட்டவர்கள் நகம் வெட்டிப் பார்த்ததில்லை.

இத்தனை கோபம் ஒரு மட்டக் கம்பத்தின் மேல் எதற்கு என்பீர்கள். காரணம் இருக்கிறது. கம்பம் தோற்றால் யாரும் கம்பத்தைக் குறை சொல்வதில்லை. 'இந்தப் பூனைக்கு எத்தனை சொல்லிக் கொடுத்தாலும் ஏறலைங்க' என்று பூனையைத்தான் ஃபெயில் ஆக்குகிறார்கள். எங்கள் இரண்டாவது மாடி மாமி வீட்டில் அப்படி ஆனது. புது சோபா, இதே மாதிரி ரோஸ் கம்பம், இரண்டு மாதம் பொறுமை. ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலை மாமியின் பிள்ளை ஸ்கூட்டரில் சாக்கு மூட்டையோடு மீன் மார்க்கெட் பக்கம் போய்வந்தான். "அங்க மீன் கெடைக்கும், சௌக்கியமா இருக்கும்" என்றாள் மாமி. நாலு வருஷம் குக்கர் சத்தத்துக்கும் மெத்தைக்கும் பழகின பூனை. அங்கே இருக்கிற கடுவன்கள் விட்டதோ என்னமோ. மாமி ரொம்ப நாள் மாடிப்படி விளக்கை அணைக்காமல் வைத்திருந்தாள்.

அமெரிக்காவில் சாக்கு மூட்டைக்குப் பதில் ஆபரேஷன். நகத்தை மட்டும் எடுப்பதாகப் பலர் நினைத்துக்கொண்டிருந்தார்கள். எடுப்பது நகம் முளைக்கிற கடைசி எலும்பை. நம் விரல்களைக் கடைசிக் கணுவோடு வெட்டுவதற்குச் சமம். 2013ல் வெளியான 'தி பா ப்ராஜக்ட்' என்ற ஆவணப்படம் இதை விளக்குகிறது. புலி, சிங்கங்களுக்கு இப்படிச் சிதைந்த பாதங்களைச் சரிசெய்ய ஆரம்பித்த ஜெனிஃபர் கான்ராட் என்ற மருத்துவர் எடுத்த படம். இஸ்ரேல் 2011ல் தடை செய்தது. அமெரிக்க மாநிலங்களில் முதலாவதாக நியூயார்க் 2019ல். அதுவரை சோபாவைக் காப்பாற்ற விரல் நுனியை வெட்டுவது அங்கே சட்டப்படி செல்லும்.

சரி, குறை சொன்னவன் மாற்று சொல்ல வேண்டாமா? எங்கள் வீட்டில் கிரைண்டர் வந்ததிலிருந்து ஆட்டுக்கல் சும்மா கிடந்தது. இரண்டு பேர் சேர்ந்தால்தான் நகரும். அதன் குழியில் நாலடிச் சவுக்குக் கம்பை நிறுத்தி, சுற்றிலும் மரத்துண்டுகளைச் செருகி இறுக்கினேன். கொத்தவால் சாவடிப் பக்கம் வாங்கிய கற்றாழை நார்க் கயிற்றை நெருக்கமாகச் சுற்றினேன். சிஸால் என்று பெரிய கடைகளில் சொல்வதும் கற்றாழை வம்சத்து நார்தான், மெக்சிகோவில் ஒரு துறைமுகத்தின் பெயர். செலவு 300 ரூபாய்க்குள். இடம், சோபாவின் இடது கைக்கு நேர் முன்னால்.

"எங்கம்மா சீதனமாக் கொடுத்த கல்லு. வர்றவங்க என்ன கோயில் கொடிமரமான்னு கேக்கறாங்க" என்றாள் மனைவி. நியாயமான விமரிசனம். ஹாலுக்கு அது அழகில்லை. முதல் மூன்று நாள் பூனை சுற்றிவந்து முகர்ந்ததோடு சரி. நாலாம் நாள் மத்தியானத் தூக்கம் கலைந்து எழுந்து, பின்னங்காலில் நின்று, முழு நீளத்துக்கு நீட்டி இழுத்தது. கல் அசையவில்லை. வாலை நிமிர்த்திக்கொண்டு சமையலறைக்குப் போனது.

சோபா முழுசாகத் தப்பித்துவிட்டது என்று சொல்லமாட்டேன். நாங்கள் இரண்டு நாள் ஊருக்குப் போய்த் திரும்பினால் வலது கையில் ஒரு புதுக் கீறல் இருக்கும். மற்றபடி எல்லாம் கம்பத்தோடு. எட்டு மாதத்தில் கயிறு பிசிறு பிசிறாகி, பார்க்கச் சகிக்காமல் போனதால், போன வாரம் புதுக்கயிறு வாங்கிவந்து பழசை அவிழ்க்கப் போனேன். பூனை வந்து கல்லின் மேல் உட்கார்ந்துகொண்டு என்னையே பார்த்தது. அதன் எட்டு மாத வாசனை அத்தனையும் அந்தப் பிசிறில்தானே இருக்கிறது. கீழ்ப்பாதிக்கு மட்டும் புதுசு சுற்றிவிட்டு, மேலே தொடாமல் விட்டிருக்கிறேன்.